பைசாண்டைன் என்னும் பழிச்சொல்

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஓர் அரசு நடைமுறையின் மீது எரிச்சல் வந்துவிட்டால் அவர்கள் கை நேராகப் போய் எடுக்கும் சொல் பைசாண்டைன். வரிச் சட்டம் பைசாண்டைன். நிலப் பதிவு பைசாண்டைன். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் பைசாண்டைன். ஒரு கட்சிக்குள் யார் யாரைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்பதும் பைசாண்டைன். பல ஆண்டுகளாக இந்தச் சொல்லைச் செய்தித்தாளில் கடந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். என் அண்ணன் இறந்த பிறகு அண்ணிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்கித் தருவதற்காக அலைந்த அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து எனக்கு எழுதிய கடிதத்தில்தான் அது குத்தியது. "சித்தப்பா, நீங்கள் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த துறை பைசாண்டைன் துறை" என்று எழுதியிருந்தான். நான் சார்நிலைக் கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அவன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் மனத்தில் சரியாக உட்காரவில்லை. கான்ஸ்டாண்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புலை, தலைநகராகக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்ற பைசாந்தியப் பேரரசின் பெயரை எடுத்து, நம் ஊர் அலுவலக மேசையின் மீது வசையாக வீசுகிறோம். அந்த அரசு என்ன செய்தது என்று கேட்கக்கூட நேரமில்லை நமக்கு.

முதலில் அந்தச் சொல்லின் எடையைப் பார்க்க வேண்டும். சிக்கலைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் பஞ்சமே இல்லை. கன்வல்யூட்டட் என்றால் சுற்றி வளைத்தது, அவ்வளவுதான். அதில் யார் மீதும் குற்றமில்லை. லேபிரிந்தைன் என்றால் உள்ளே போனவன் வழி தவறுவான். கிரீட் தீவின் பழங்கதையிலிருந்து வந்தது. காஃப்காயெஸ்க் என்பது தன் மீது என்ன குற்றம் என்றே அறியாதவனின் நிலை. பிராகில் பிறந்த எழுத்தாளரின் பெயரால் வந்தது. பைசாண்டைன் இவை எல்லாவற்றிலும் கடுமையானது. ஒரு நடைமுறை சிக்கலாக இருக்கிறது என்பதோடு அது நிற்பதில்லை. உள்ளே இருப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், வழி தெரிந்த சிலர் அதனால் பிழைக்கிறார்கள், திரைக்குப் பின்னால் பேரம் நடக்கிறது என்ற சந்தேகத்தையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது அது வருணனை வேடத்தில் வரும் குற்றச்சாட்டு. அந்தப் பேரரசின் கலையையும் கட்டடங்களையும் குறிக்கும்போது முதலெழுத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். வசையாகும்போது பலர் அதைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். தேவாலயக் கும்மட்டங்களையும் பொன்னிறப் பதிகல் ஓவியங்களையும் குறித்த சொல் வசையாக நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான். வசைக்கான சரக்கு மட்டும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சேர்ந்துவிட்டது.

பெயர் வைத்தவர்கள்

பைசாந்தியம் என்பது மெகாரா நகரத்துக் கிரேக்கர்கள் பொஸ்போரஸ் நீரிணையின் கரையில் நிறுவிய ஒரு பழைய ஊர். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 330இல் அதைத் தன் புதிய தலைநகரமாக்கினார். கான்ஸ்டாண்டிநோபிள் என்று பெயர் வந்தது. மேற்கே ரோம் வீழ்ந்த பிறகும் இந்தக் கிழக்கு நகரத்திலிருந்து அரசு தொடர்ந்து நடந்தது, 1453 மே 29 அன்று ஒட்டோமன் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரத்துக்குள் நுழையும்வரை. இதில் முக்கியமானது, அந்த மக்கள் எவரும் தங்கள் அரசைப் பைசாந்தியம் என்று அழைத்ததில்லை. கிரேக்கம் பேசினார்கள், ஆனால் தங்களை ரோமர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அண்டை நாட்டு முஸ்லிம்களும் அவர்களுடைய நாட்டை ரூம் என்றார்கள். கொன்யாவில் வாழ்ந்த கவிஞர் ஜலாலுத்தீனுக்கு ரூமி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அந்த மண் ஒரு காலத்தில் ரோமர் மண்ணாக இருந்ததால்தான்.

பெயரைப் பறிக்க வேண்டிய தேவை மேற்கு ஐரோப்பாவுக்குத்தான் இருந்தது. 800ஆம் ஆண்டில் போப், மேற்கே ஆண்ட பிராங்கு அரசர் சார்லமேனுக்குப் பேரரசர் முடி சூட்டினார். ரோமப் பேரரசர் என்ற பட்டத்துக்கு இப்போது இரண்டு பேர் உரிமை கோரினார்கள். அதனால் கான்ஸ்டாண்டிநோபிளில் இருப்பவரைக் கிரேக்கர்களின் அரசர் என்று சொல்லிக் குறைக்கத் தொடங்கினார்கள். இந்தச் சண்டையின் உள்ளே நின்று எழுதிய ஒருவர் கிரெமோனா நகரத்து ஆயர் லியுட்பிராண்ட். இந்தச் சொல்லின் கதையில் அவரைத்தான் நான் மிக முக்கியமான சாட்சியாகக் கருதுகிறேன்.

அவர் 949இல் முதன்முறை தூது போனார். அப்போது அரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன். அரண்மனையில் கண்டதை வாயைப் பிளந்தபடி எழுதினார். பொன் பூசிய மரம், அதில் கூவும் உலோகப் பறவைகள், வாலை அடித்து உறுமும் சிங்கங்கள், வணங்கி எழுந்து பார்ப்பதற்குள் கூரைவரை உயர்ந்துவிட்ட அரியணை. இரண்டாம் முறை 968இல் போனார். மேற்கின் பேரரசர் ஓட்டோவின் மகனுக்குப் பெண் கேட்டுப் போன பயணம். அரியணையில் இப்போது நிகெஃபோரஸ் ஃபோகாஸ். ஓட்டோவின் படைகள் தெற்கு இத்தாலியில் ரோமர் ஊர்களைத் தாக்கியிருந்த நேரம் அது. வரவேற்பு எப்படி இருந்திருக்கும்! தண்ணீரில்லாத வீட்டில் தங்க வைத்தார்கள், காவல் போட்டார்கள், பிசின் கலந்த மதுவைக் கொடுத்தார்கள் என்று அவர் புலம்புகிறார். அவர் அங்கே இருக்கும்போதே போப்பிடமிருந்து கடிதம் வந்தது. அதில் ஓட்டோவை ரோமர்களின் பேரரசர் என்றும் நிகெஃபோரஸைக் கிரேக்கர்களின் பேரரசர் என்றும் எழுதியிருந்தது. கடிதம் கொண்டுவந்தவர்களைச் சிறையில் போட்டுவிட்டார்கள். கடைசியில் ஊருக்குக் கிளம்பும்போது லியுட்பிராண்டின் பெட்டியைச் சோதித்து, அவர் வாங்கியிருந்த ஊதா நிறப் பட்டுத் துணிகள் ஐந்தைப் பறிமுதல் செய்தார்கள். வெளிநாட்டாருக்கு விற்கக் கூடாத பட்டு அது. போன முறை எடுத்துப் போனேனே என்று வாதாடிப் பார்த்தார். அது தளர்ந்த அரசரின் காலம், இப்போது விதி விதிதான் என்றார்கள்.

பார்த்ததும் பழகியதும் அதே நகரம், அதே அரண்மனை, எழுதியதும் அதே கை. பெட்டி சோதிக்கப்பட்ட பிறகு அவருக்கு அங்கே எல்லாம் வஞ்சகமாகவும் பொய்யாகவும் தெரிந்தது. அந்த இரண்டாம் பயண அறிக்கையின் குரலைத்தான் பிற்கால ஐரோப்பா உரக்கப் படித்தது. ஜெர்மன் அறிஞர் ஹியரோனிமஸ் வோல்ஃப் 1557இல் கான்ஸ்டாண்டிநோபிள் அரசின் வரலாற்றாசிரியர்களுடைய நூல்களைத் தொகுத்து வெளியிட்டபோது தலைப்பில் பைசாந்தியம் என்ற சொல்லை வைத்தார். அவரிடம் வன்மம் எதுவும் இல்லை, அடையாளத்துக்காக வைத்தார். அரசு அழிந்து 100 ஆண்டு ஆகியிருந்ததால் மறுக்க ஆளில்லை. பின்பு 1734இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மான்டெஸ்கியூ, அந்த அரசின் வரலாறே கலகங்களும் துரோகங்களும் சேர்ந்து நெய்த துணி என்றார். 1776இல் தொடங்கி 1788இல் முடித்த ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய தன் பெருநூலில் ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் அதைச் சலிப்பூட்டும் பலவீனத்தின் கதை என்றார். 1869இல் அயர்லாந்து வரலாற்றாசிரியர் லெக்கி, நாகரிகம் எடுத்த வடிவங்களிலேயே மிக இழிந்தது இது என்று தீர்ப்பே எழுதிவிட்டார். பூசாரிகள், விதையடிக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்கள், பெண்கள், நஞ்சு, சதி என்று அவர் அடுக்குகிற பட்டியலைப் படித்தால் அந்தப் பட்டியலே அவருடைய காலத்து ஆண்களின் அச்சங்களைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ரொட்டிக்காரரை வேலைக்கு அழைக்காதே

அண்ணன் மகனுக்குப் பதில் எழுதும் முன், அந்த நகரத்தில் நிர்வாகம் உண்மையில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். அப்படித்தான் எபார்க்கின் நூல் கைக்கு வந்தது. எபார்க் என்பவர் கான்ஸ்டாண்டிநோபிளின் நகர ஆளுநர். ஆறாம் லியோவின் ஆட்சி முடியும் தறுவாயில், 912 வாக்கில் தொகுக்கப்பட்ட இந்த விதித் தொகுப்பு நகரத்து வணிகர்களையும் கைவினைஞர்களையும் பற்றியது. பத்திரம் எழுதுபவர்கள், தட்டார்கள், பட்டு வணிகர்கள், மெழுகுவத்திக்காரர்கள், சோப்புக்காரர்கள், மளிகைக்காரர்கள், கசாப்புக்காரர்கள், மீன் விற்பவர்கள், ரொட்டிக்காரர்கள் என்று 22 அத்தியாயங்கள். யார் எங்கே கடை போடலாம், எவ்வளவு லாபம் வைக்கலாம், எதை விற்கக் கூடாது, மீறினால் என்ன தண்டனை என்பதெல்லாம் அதில் உண்டு. லியுட்பிராண்டின் பட்டுத் துணிக்கு நேர்ந்தது எதனால் என்பதும் இதில் விளங்கும். அரச ஊதாவை அயலாருக்கு விற்பதற்குக் கசையடியே தண்டனை.

மேலோட்டமாகப் புரட்டினால், ஆங்கிலப் பத்திரிகையாளர் சொல்வது சரிதான் என்றே தோன்றும். அவ்வளவு நுணுக்கம். ஆனால் நான் கருவூலத்தில் விதிகளோடு வாழ்ந்தவன். ஒரு விதியைப் படித்ததும் அதற்குப் பின்னால் எந்தத் திருட்டு நடந்திருக்கும், யார் அழுதிருப்பார்கள் என்று தேடுவது பழகிப்போனது. ரொட்டிக்காரர்கள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி: ரொட்டிக்காரர்களையும் அவர்களுடைய மாடு குதிரைகளையும் எந்த அரசுப் பணிக்கும் அழைக்கக் கூடாது, ரொட்டி சுடுவது தடைப்படாமல் இருப்பதற்காக. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம் விதியின் உள்ளேயே இருக்கிறது. அதே அத்தியாயத்தில், தீப்பற்றும் ஆபத்து இருப்பதால் குடியிருப்புக்கு அடியில் அடுப்பு வைக்காதே என்கிறது. கோதுமை விலை ஏறினாலும் இறங்கினாலும் ஆளுநரிடம் வந்து ரொட்டியின் எடையைச் சரிபார்த்துக்கொள் என்கிறது. மீன் விற்பவர்களின் தலைவர்கள் விடியற்காலையில் ஆளுநரிடம் போய் இரவு எவ்வளவு மீன் பிடிபட்டது என்று சொல்ல வேண்டும், அதை வைத்து அன்றைய விலை முடிவாகும். மளிகைக்காரர்கள் மட்டும் நகரத்தில் எந்தத் தெருவிலும் கடை திறக்கலாம். ஏனென்றால் அன்றாடத் தேவை மக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வாசனைத் திரவியம் விற்பவர்களைப் பற்றிய விதிதான் என்னை முற்றிலும் மாற்றியது. அவர்கள் தங்கள் கடைகளை மிலியோன் என்ற மைல்கல்லில் தொடங்கி, அரண்மனையின் கல்கே வாயிலில் இருந்த கிறிஸ்துவின் திருவுருவம்வரை வரிசையாகப் போட வேண்டும். பேரரசின் எல்லாத் தூரங்களும் அந்த மைல்கல்லிலிருந்துதான் அளக்கப்பட்டன. அங்கேதான் ஏன்? நறுமணம் திருவுருவத்துக்கு ஏற்றதாக இருக்கும், அரண்மனை முன்கூடமும் மணக்கும். யாரோ ஓர் எழுத்தர் உட்கார்ந்து, ஒரு நகரத்தின் நடுவில் காற்று எந்த வாசனையோடு வீச வேண்டும் என்று யோசித்து, அதைச் சட்ட மொழியில் எழுதி, காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். இதைச் சிக்கல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இது கவனம். ஒரு நகரத்தை வீடு போலப் பார்த்தவர்களின் கவனம்.

அப்போதுதான் எங்கள் அலுவலகத்தில் என்ன தவறிப்போனது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அரசாணை பிறக்கும்போது அதன் முதல் பத்திகளில் காரணம் இருக்கும். அது துறைக்கு வந்து, சுற்றறிக்கையாகி, மாவட்டக் கருவூலம் வழியாகச் சார்நிலைக் கருவூலத்தின் மேசைக்கு வந்து சேரும்போது காரணம் வழியில் உதிர்ந்துவிடும். 'இணைக்கப்பட வேண்டிய சான்றுகள்' என்ற பட்டியல் மட்டும் மிஞ்சும். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பட்டியல்தான் அரசாங்கம். நான் பணியில் இருந்தபோது ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொரு முறை நேர்காணலுக்கு நேரில் வர வேண்டியிருந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு முதியவர் வந்து காட்ட வேண்டியிருப்பது அவமானமாகத்தான் தெரியும். ஆனால் இறந்தவர் பெயரில் ஓய்வூதியம் போய்க்கொண்டிருந்தால் அது எவர் பணம்? அந்த விதிக்கு உயிருள்ள காரணம் உண்டு. நடக்க முடியாதவர்களுக்கு மாற்று வழி வேண்டும் என்பது வேறு கேள்வி. காரணத்தைச் சொன்னபோது, நான் பார்த்தவரை, முதியவர்கள் கோபப்பட்டதில்லை. சொல்லாமல் "விதி அய்யா, விதி" என்றபோதுதான் கோபப்பட்டார்கள்.

ஆனால் எல்லா விதியும் அப்படியல்ல. குடும்ப ஓய்வூதியம் பெறும் பெண்களிடம் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்றையும் வாங்கினோம். கணவரை இழந்து இளம் வயதில் இருப்பவரிடம் கேட்டால் ஒரு கணக்கு இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய, கைநாட்டு வைக்கக்கூட விரல் நடுங்கும் பெண்ணிடம் ஆண்டுதோறும் அதைக் கேட்பதில் யாருக்கு என்ன பாதுகாப்பு? அண்ணன் மகனின் கோபம் வெடித்த இடமும் இதுதான். அண்ணியிடம் அந்தத் தாளை நீட்டியபோது அவர் எதுவும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டாராம். இதில் நான் முழுக்க அவன் பக்கம். அந்த வயதுக்காரர்களிடம் அந்தச் சான்றைக் கேட்கவே கூடாது. ஆனால் துறை முழுவதையும் பைசாண்டைன் என்று சொல்லிவிட்டால், உயிருள்ள விதியும் செத்த விதியும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுவிடுகின்றன. மூட்டையை எவரும் அவிழ்ப்பதில்லை. எந்த விதி, எந்த ஆணை, அது யாரைக் காக்கிறது, யாரை வதைக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஒன்றை நீக்க முடியும். "எந்தத் தாளைக் கேட்டார்கள், எந்த விதியின் கீழ் கேட்டார்கள், எழுது" என்று அவனுக்குப் பதில் எழுதினேன். இரண்டு நாளில் பட்டியலோடு வந்தான். அதில் பாதிக்குக் காரணம் சொல்ல என்னால் முடிந்தது. மீதிக்கு நானும் அவனும் சேர்ந்து மனு எழுதினோம்.

அந்த அரசின் கொடுமைகளை மறைத்துவிட்டு அதன் வக்கீலாக நிற்க நான் விரும்பவில்லை. 797இல் பேரரசி ஐரீன் அதிகாரத்துக்காகத் தன் சொந்த மகனின் கண்களைப் பறிக்க வைத்தார். லியுட்பிராண்டை விரட்டிய நிகெஃபோரஸ் அடுத்த ஆண்டே தன் படுக்கையறையில் கொல்லப்பட்டார். சதியில் அவர் மனைவிக்கும் பங்கு இருந்தது. எபார்க்கின் நூலிலேயே, வெள்ளியில் கலப்படம் செய்யும் தட்டாருக்குக் கையை வெட்டும் தண்டனை இருக்கிறது. பதவிப் பட்டியல்களும் அப்படித்தான். 899இல் ஃபிலோதியோஸ் என்ற அதிகாரி, அரச விருந்தில் யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்பதற்கே ஒரு கையேடு எழுதினார். இவை உண்மை. ஆனால் கண்ணைப் பறிப்பது கிழக்கின் தனிச்சொத்து அல்ல. 818இல் சார்லமேனின் மகன் லூயி, தன் அண்ணன் மகன் பெர்னார்டின் கண்களைப் பறிக்க ஆணையிட்டார். அந்தக் காயத்திலேயே அந்த இளைஞர் இறந்துபோனார். எந்த அகராதியிலும் பிராங்கு நாட்டின் பெயர் கொடுமைக்கு அடைமொழி ஆகவில்லை. ஆங்கிலத்தில் அது ஃபிராங்க் என்று ஒளிவுமறைவு இல்லாத பேச்சைக் குறிக்கும் நல்ல சொல்லாகவே ஆகிவிட்டது.

எடை மாறாத காசு

சிக்கலும் வஞ்சகமும்தான் அந்த அரசின் குணம் என்றால், அதன் காசில் அது தெரிந்திருக்க வேண்டும். அரசுகள் பொய் சொல்லத் தொடங்கும் முதல் இடம் காசுதான். தங்கத்தைக் குறைத்துச் செம்பைக் கூட்டுவார்கள். கான்ஸ்டன்டைன் தொடங்கிய சாலிடஸ் என்ற பொற்காசு ஒரு ரோம ராத்தலுக்கு 72 என்ற கணக்கில் அடிக்கப்பட்டது, ஏறக்குறைய நாலரை கிராம். 11ஆம் நூற்றாண்டுவரை, ஏறத்தாழ 700 ஆண்டுகள், அதன் எடையும் மாற்றும் பெரிதாகக் குறையவில்லை. அந்தக் காசு 24 கெராட்டியான் எடை கொண்டது. கெராட்டியான் என்பது ஒரு மரத்து விதையின் பெயரால் வந்த சிறு எடை. நம் ஊர் நகைக்கடைகளில் 22 காரட், 24 காரட் என்று பேசுகிறோமே, அந்த 24 அங்கிருந்து வந்ததுதான்.

இலங்கையோடும் இந்தக் காசுக்கு ஒரு கதை உண்டு. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் என்ற வணிகத் துறவி அதைப் பதிவு செய்திருக்கிறார். சோபட்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் ஒரே சமயத்தில் தப்ரபேனில், அதாவது இலங்கையில், கரை இறங்குகிறார்கள். உங்கள் இருவரின் அரசர்களில் யார் பெரியவர் என்று அங்குள்ள மன்னர் கேட்கிறார். பாரசீகர் தன் அரசரைப் புகழ்ந்து நீளமாகப் பேசுகிறார். சோபட்ரோஸ் பேசவில்லை, இரு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள் என்று இரு நாட்டுக் காசுகளையும் எடுத்து வைக்கச் சொல்கிறார். ஒன்று ரோமரின் பொற்காசு, மற்றது பாரசீகரின் வெள்ளிக்காசு. மன்னர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரோமர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, சோபட்ரோஸை யானை மேல் ஏற்றி முரசு முழங்க ஊர்வலம் விடுகிறார். கதையில் வணிகருக்கே உரிய பெருமிதம் கலந்திருக்கலாம். ஆனால் பிற்கால ரோமக் காசுகள் இலங்கையிலும் மதுரைப் பக்கத்திலும் மண்ணுக்கடியிலிருந்து ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நம் கடற்கரைக்கு அந்த அரசு வஞ்சகத்தின் முகவரியாக வந்து சேரவில்லை. நம்பி வாங்கக்கூடிய காசாக வந்தது.

பைசாந்தியம் என்ற பெயரையே விட்டுவிட வேண்டும், அவர்கள் சொல்லிக்கொண்டபடி ரோமர்கள் என்றே அழைக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் ஆந்தனி கால்டெலிஸ் போன்றோர் வாதாடி வருகிறார்கள். பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்விதழ்களும் அருங்காட்சியக அரங்குகளும் அந்தப் பெயரிலேயே இருப்பதால் அது எளிதில் நடக்காது. ஆங்கிலத்தில் வசைச்சொல்லும் வேரூன்றிவிட்டது. தமிழில் அந்த நிலை இல்லை. நம்முடைய பாடநூல்களில் பைசாந்தியப் பேரரசு என்பது இன்றும் ஒரு நாட்டின் பெயர் மட்டுமே, திட்டு அல்ல. அதனால் ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பைசாண்டைன் விதிகள் என்று வரும் இடத்தில் பைசாந்திய விதிகள் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தில் எழுதியவர் சொல்ல வந்தது சிக்கலா, ஒளிவுமறைவா, சூழ்ச்சியா என்று பார்த்து, அதை எழுதுங்கள். மூன்றில் எது என்று அவருக்கே தெரியாதபோதுதான் பெரும்பாலும் அந்தச் சொல்லை எடுக்கிறார் என்பது என் அனுபவம்.